மாசத் தவணையைச் சொல்லாதீர்கள், வட்டியைச் சொல்லுங்கள்

பைக் ஷோரூமுக்குப் போய் அங்கே லோன் பார்க்கும் பையனிடம் "வருஷத்துக்கு வட்டி எத்தனை சதவீதம்?" என்று கேட்டுப் பாருங்கள். மாசத் தவணை எவ்வளவு என்று சொல்வார். மறுபடி கேட்டால் முன்பணத்தைக் குறைத்துத் தருகிறேன் என்பார். விடாமல் கேட்டால், "90 பைசா வட்டிதான்ணே, இந்த ரேட்டுக்கு வெளியில எங்கயும் கிடைக்காது" என்பார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வராது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

அந்த 90 பைசாவைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நூறு ரூபாய்க்கு மாதம் 90 பைசா என்றால் வருஷத்துக்கு 10 ரூபாய் 80 பைசா. பரவாயில்லையே என்று யாருக்கும் தோன்றும், கையெழுத்தும் விழுந்துவிடும். 1 லட்சம் கடன், 36 மாதம் என்று வையுங்கள். மூன்று வருஷத்துக்கும் முழு லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள். 32,400 ரூபாய். அதை அசலோடு கூட்டி 36-ஆல் வகுத்தால் மாதம் 3,678. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள்? ஒன்றரை வருஷம் முடிவதற்குள் நாற்பதாயிரத்துக்கு மேல் அசல் திரும்பிப் போயிருக்கும். கடைசி மாதத்தில் நீங்கள் வைத்திருக்கும் கடன் 4,000 ரூபாய்கூட இல்லை. அந்தத் தவணைக்குள்ளும் முழு லட்சத்துக்கான 900 ரூபாய் வட்டி உட்கார்ந்திருக்கிறது! குறைந்துகொண்டே வரும் அசலுக்கு நியாயமாகக் கணக்குப் போட்டால் இது 90 பைசா வட்டியே இல்லை. 1 ரூபாய் 60 பைசா வட்டி. வருஷத்துக்கு 19 சதவீதத்துக்கு மேல்.

ஃப்ளாட் ரேட் என்பது இதுதான். பத்து சதவீதம் ஃப்ளாட் என்று யாராவது சொன்னால், மூன்று வருஷக் கடனுக்கு அது கிட்டத்தட்ட 18 சதவீதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் கைமாற்று கொடுப்பவர் "ரெண்டு வட்டி" என்றால் அது ரெண்டு வட்டிதான். வாங்குகிறவருக்கும் தெரியும், அவர் வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியும், சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும். ரெண்டு வட்டியை நான் நியாயப்படுத்தவில்லை, அது குடும்பத்தை அரிக்கிற வட்டி. ஆனால் அங்கே எண்ணை மறைக்கவில்லை. ஏசி போட்ட ஷோரூமில், ரிசர்வ் வங்கியிடம் உரிமம் வாங்கிய நிறுவனத்தின் பேரைச் சொல்லி மறைக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

மறைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது என்பதுதான் இதில் கொடுமை. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை விட்டது. அந்த வருஷம் அக்டோபர் 1 முதல், தனிநபருக்குக் கொடுக்கிற தவணைக் கடன் எதுவாக இருந்தாலும், கையெழுத்துக்கு முன்பே 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கொடுத்தாக வேண்டும். வட்டி, பிராசஸிங் கட்டணம், தலையில் கட்டுகிற இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பது அதில் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஏ.பி.ஆர். என்பார்கள். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. தமிழில் கேட்பது நம் உரிமை. அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை, நம் சம்மதத்தைத் தனியாக வாங்காமல் பிறகு வசூலிக்கவும் முடியாது. போய்க் கேட்டுப் பாருங்களேன். "அதெல்லாம் லோன் சேங்ஷன் ஆனதுக்கப்புறம் மெயில்ல வரும் சார்" என்பார்கள். கையெழுத்துப் போட்டபிறகு வருகிற தாளை வைத்து நான் என்ன செய்வது?

சரி, ஷோரூம்காரர் வியாபாரி, அப்படித்தான் இருப்பார் என்று சிலர் சொல்வார்கள். வங்கிக்குள்ளேயே நடப்பதற்கு என்ன சொல்வீர்கள்?

என் சித்தப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பணப்பலன் உடனே கைக்கு வரவில்லை, இழுத்தடித்துத்தான் வந்தது. வந்த பணத்தை எஃப்.டி.யில் போடலாம் என்று பல வருஷமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்குப் போனார். மேனேஜர் அறையை ஒட்டி ஒரு மேசை. அங்கே இருந்தவர் கழுத்தில் வங்கி ஊழியர் போலவே ஒரு அட்டை. அவர் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள் என்பது சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்? "எஃப்.டி.க்கு ஏழுதான் சார் வரும், அதுக்கும் வரி. இது எஃப்.டி. மாதிரிதான், ஆனா போட்டது இரட்டிப்பா வரும், வரியும் கிடையாது. வருஷம் 1 லட்சம், பத்து வருஷம் போடுங்க. இருபதாவது வருஷம் 20 லட்சம் கையில." மேனேஜரும் எட்டிப் பார்த்து "நல்ல திட்டம் சார், நம்பிப் போடுங்க" என்றாராம். பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் சித்தப்பா கையெழுத்துப் போட்டார். "கம்பெனியிலிருந்து போன் வரும், எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க, இல்லன்னா பணம் நடுவுல மாட்டிக்கும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த போன் அழைப்பு எதற்காக? ஏமாற்றி விற்கவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக! பாதுகாப்புக்காக வைத்த அந்தக் கேள்விகளுக்கே பதிலைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள்.

போட்டது இரட்டிப்பு என்பதைக் கணக்காகப் பாருங்கள். வருஷ ஆரம்பத்தில் 1 லட்சம் வீதம் பத்து வருஷம், இருபதாம் வருஷ முடிவில் 20 லட்சம். வருஷத்துக்கு நாலரை சதவீதம்தான் வருகிறது. பி.பி.எஃப். என்கிற அரசு சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2020 ஏப்ரலில் இருந்து 7.1 சதவீதம். இதே பணம் இதே காலத்துக்கு அந்த விகிதத்தில் வளர்ந்தால் 29 லட்சத்தைத் தாண்டும். அந்த 9 லட்சம் வித்தியாசத்தைப் பற்றி அந்த மேசையில் யாரும் பேசவில்லை. எஃப்.டி.க்கு ஏழு சதவீதம் குறைவு என்று முகம் சுளித்தவர், தான் விற்பது நாலரை என்று சொல்லவே இல்லை. அறுபது தாண்டியவருக்கு எண்பதில் பணம் வரும் என்றார்கள், வருஷாவருஷம் 1 லட்சத்துக்கு எங்கே போவார் என்று கேட்கவில்லை. மறு வருஷம் பிரீமியம் கட்டச் சொல்லி எஸ்.எம்.எஸ். வந்தபோதுதான் விஷயமே வீட்டுக்குத் தெரிந்தது. "உடைச்சுக் குடுங்க" என்று போய்க் கேட்டார். உடைக்க முடியாது, சரண்டர் செய்யலாம், அதாவது பாலிசியைப் பாதியில் ஒப்படைத்துவிட்டுக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். ஒரு வருஷம்தான் கட்டியிருந்தார். அந்தத் தொகையைக் கேட்டு அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சில சிறிய பிடித்தங்கள் போகப் பணம் திரும்பி வரும். முன்பு பெரும்பாலும் 15 நாளாக இருந்தது, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் 30 ஆக்கியது. நல்ல விதி. ஆனால் சித்தப்பாவின் பாலிசி போய்ச் சேர்ந்தது, அந்த மேசையிலேயே அவருக்காக உருவாக்கிய ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு. அதன் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியாது. 30 நாள் எப்போது ஓடியது என்றே அவருக்குத் தெரியாது.

இதில் எனக்கு இன்னும் கோபம் வருவது, சொந்தக்காரர்கள் பேசுகிற பேச்சுக்கு. "படிச்சுப் பாக்காம ஏன் கையெழுத்துப் போட்டார்?" "பேராசை." எது பேராசை? மாதம் லட்சத்துக்கு 25 ஆயிரம், 30 ஆயிரம் என்று சொல்லி ஆருத்ரா கோல்டு நிறுவனம் சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாக வழக்கு நடக்கிறதே, அதில் போட்டவர்களைக்கூட நான் அப்படிப் பேச மாட்டேன். ஆனால் அது வேறு கதை. அங்கே போலீஸ் வந்தது, சோதனை நடந்தது, வழக்கு இருக்கிறது. என் சித்தப்பா ஏழு சதவீத எஃப்.டி. கேட்டுப் போனவர். அதைவிட அடக்கமான ஆசை உலகத்தில் கிடையாது. அவரைப் பிடித்து நாலரை சதவீதத்தில் இருபது வருஷம் கட்டிப்போட்டவர்களை யாரும் திட்டவில்லை, அந்த மாத டார்கெட்டை முடித்ததற்காகப் பாராட்டியிருப்பார்கள். லாக்கர் கேட்டால் "ஒரு பாலிசி எடுங்க" என்பதும் இதே கூத்துதான். லாக்கருக்கு மூன்று வருஷ வாடகைக்கும், தேவைப்பட்டால் உடைத்துத் திறக்கிற செலவுக்கும் ஈடாக ஒரு வைப்புத்தொகை கேட்க வங்கிக்கு அனுமதி உண்டு. பாலிசி கேட்க இல்லை. மறுத்துவிடுங்கள்.

செல்போன் கடைகளில் தொங்குகிற 'வட்டியில்லாத் தவணை' பலகைகளை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லையா? பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது பெயரை 'நோ காஸ்ட்' என்று மாற்றி நடத்துகிறார்கள். 30,000 ரூபாய் போன், ஆறு மாதம், மாதம் 5,000. உள்ளே 15 சதவீத வட்டி ஓடுகிறது, அந்த வட்டி 1,270 ரூபாயைத் தள்ளுபடி என்று முதலிலேயே கழித்துக் காட்டுகிறார்கள். ஆனால் வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. நம் தலையில். பிராசஸிங் கட்டணம் 199, அதற்கும் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 460 ரூபாய்க்கு மேல் போய்விடும். ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். தவணையில் வாங்குவதால் அந்தக் குறைப்பை நாம் இழந்தால் அதுவும் வட்டிதான்.

கிரெடிட் கார்டு பில்லில் இருக்கும் 'மினிமம் டியூ'வைப் பார்த்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. பில் 40,000, குறைந்தபட்சம் 2,000 கட்டினால் போதும் என்று எழுதியிருக்கும். கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மீதி 38,000-க்கு மாதம் 3.75 சதவீதம் என்றால் 1,425, அதற்கு ஜி.எஸ்.டி. சேர்த்து 1,680. கட்டின 2,000-இல் கடன் குறைந்தது 320 ரூபாய். அதோடு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வருஷத்துக்கு 45 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அதனால் இதில் நம்மைக் காப்பாற்ற இப்போதைக்கு யாரும் வரப்போவதில்லை. முழு பில்லையும் கட்ட முடியாத மாதத்தில் கார்டைப் பீரோவில் வைத்துவிடுங்கள், வேறு எங்காவது குறைந்த வட்டிக்கு வாங்கியாவது அந்தக் கடனை அடைத்துவிடுங்கள்.

அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஷோரூம் பலகையில், விளம்பரத்தில், பத்திரிகையின் முழுப்பக்கத்தில், மாசத் தவணையை எந்த அளவு எழுத்தில் போடுகிறார்களோ அதே அளவு எழுத்தில் வருஷ வட்டியையும் மொத்தமாகக் கட்டப்போகும் தொகையையும் போடட்டும். 3,678 எந்த அளவோ 1,32,400-ம் அதே அளவு. நட்சத்திரக் குறி போட்டுக் கீழே எறும்பு மாதிரி எழுதக் கூடாது. இன்சூரன்ஸ் ஆட்கள் வங்கிக்குள் உட்கார்ந்தால், 'நான் இன்சூரன்ஸ் விற்பவர்' என்று தமிழில் பெரிதாக எழுதிய அட்டையோடு உட்காரட்டும்.

அதுவரை, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள், தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் கூப்பிட்டு விவரம் கேட்கலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். பாலிசி பற்றிய புகாரை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தனியாக எழுதுங்கள். அவர்கள் கைவிரித்தால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரியை யார் உருவாக்கினார்கள், போனில் என்ன சொல்லச் சொன்னார்கள் என்பதையெல்லாம் தேதியோடு எழுதுங்கள். அந்த போன் உரையாடலின் பதிவையும் கேளுங்கள். சித்தப்பாவின் கடிதத்தை அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மேனேஜர் வீட்டுக்கே போன் செய்து, பேசித் தீர்த்துக்கலாமே, எதுக்கு எழுத்துல எல்லாம் என்கிறார். எழுத்தில்தான் தீர்க்கப் போகிறோம்.