அந்தப் பிள்ளைகளின் முகத்தை எடுத்துவிடுங்கள்

ஒருவர் குழந்தைகள் இல்லத்தில் கேக் வெட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பிறந்தநாள் கொண்டாடும் வீடியோவை நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிறார்கள். நானும் பார்த்தேன். கேக் வெட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்தை மறைக்க வேண்டும் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? இரண்டாவது வரிசைச் சிறுமி தட்டைப் பார்க்கிறாள், கேமராவைப் பார்க்கிறாள், திரும்பவும் தட்டைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அப்படியொரு வரிசையில் நான் ஏழு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா திருவனந்தபுரத்தில் கொத்தனார் வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து இறந்தபோது எனக்கு எட்டு வயது. அம்மாவுக்குக் கருங்கல் பக்கம் அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையில், வேலை. அந்தக் கூலியில் இரண்டு பிள்ளைகளை வளர்க்க முடியாது என்று சொந்தக்காரர்கள் பேசி, என்னை ஒரு இல்லத்திலும் தம்பியை வேறொரு இல்லத்திலும் விட்டார்கள். மாதம் ஒரு ஞாயிறு அம்மா முந்திரிக்கொத்தோடு வருவாள். "அழாதே மக்களே" என்று முகத்தைத் துடைக்கிற விரல்களெல்லாம் கொட்டை தல்லிக் கறுத்திருக்கும்.

விருந்தினர் வரும் நாளில் சோறு பரிமாறி வைத்திருப்பார்கள். போட்டோ எடுக்கும்வரை கை வைக்கக் கூடாது. ஒருமுறை அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. கீழே 'அனாதைக் குழந்தைகளுக்கு விருந்து' என்று போட்டிருந்தார்கள். என் அம்மா அதைப் படித்தாள்.

"நல்லது செய்கிறவரையும் குறை சொல்வீர்களா?" என்று கேட்கிறார்கள். சோறு போட்டதைக் குறை சொல்லவில்லை. முகத்தைக் காட்டியதைத்தான் சொல்கிறேன். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதற்கு எதிராக 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 74ஆவது பிரிவே இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். வீடியோவைப் பார்த்துத்தான் நாலு பேர் உதவுவார்கள் என்றால், உங்கள் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் பாக்கி என்று அவன் முகத்தோடு போடச் சம்மதிப்பீர்களா?

"இல்லம் இல்லாவிட்டால் நீ படித்திருப்பாயா?" இதைக் கேட்டவர் எனக்குத் தெரிந்தவர். ராத்திரி தூங்கவில்லை. ஆமாம், படித்தேன். அங்கே ஒரு சிஸ்டர் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததை மறக்க மாட்டேன். அதற்காக, அம்மா இருந்தும் அம்மா இல்லாமல் வளர்ந்தது சரியாகிவிடுமா? இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே சட்டம்தான் சொல்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில், தகுதியுள்ள குழந்தை வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் தர வழி இருக்கிறது. கணவனை இழந்த எத்தனை அம்மாமாருக்கு இது தெரியும்? கேக் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஒரு தடவையாவது "உன் அம்மா எங்கே இருக்கிறாள்" என்று கேட்டிருப்பார்களா?

தம்பி இன்றைக்கும் என்னை 'நீங்க' என்றுதான் பேசுகிறான். பக்கத்து வீட்டு அக்காவை 'நீ' என்பான். என்னிடம் அவனுக்கு அது வரவில்லை.

அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். பகிர்ந்தவர்களும் எடுங்கள். உங்கள் ஊரில் பிள்ளையை இல்லத்தில் விட யோசிக்கும் அம்மா யாராவது இருந்தால், முதலில் நாகர்கோவிலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். நான் வந்து எழுதித் தருகிறேன்.