சவுக்கை விடுங்கள், புல்தரையைப் பாருங்கள்

"அந்தக் காலத்துல கையை வெட்டிடுவாங்க, அதான் திருட்டே இல்லை." கொடூரமான குற்றம் ஏதாவது செய்தியில் வந்துவிட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வழக்குகள் வருடக்கணக்கில் இழுப்பதைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் கணக்கு உதைக்கிறது. இங்கிலாந்தில் 1808 வரை பிக்பாக்கெட் அடித்தாலே தூக்கு வரை போகலாம். அந்தத் தூக்கை வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்திலேயே பிக்பாக்கெட்காரர்கள் கைவரிசை காட்டினார்கள்.

சரி, 'கண்ணுக்குக் கண்' என்கிறோமே, அந்த ஹம்முராபி சட்டத்தையே கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். கி.மு. 18ஆம் நூற்றாண்டு, இன்றைய ஈராக்கில் இருந்த பாபிலோன்; ஹம்முராபி அதன் மன்னர். மேல்தட்டு ஆள் தன் அந்தஸ்தில் உள்ள ஒருவரின் கண்ணைப் பறித்தால் அவர் கண்ணும் போகும். சாமானியனின் கண் என்றால் 60 ஷெக்கல் வெள்ளி, விஷயம் முடிந்தது. அடிமையின் கண்ணா? அவன் விலையில் பாதி. வீடு இடிந்து வீட்டுக்காரரின் மகன் செத்தால், கட்டியவரின் மகனைக் கொல்ல வேண்டும். அந்தப் பையன் செங்கல்லைத் தொட்டுக்கூட இருக்க மாட்டான்.

நிரூபிக்கும் முறை இன்னும் மோசம். இடைக்கால ஐரோப்பாவில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி நடக்கச் சொல்வார்கள். கட்டுப் போட்டு, மூன்று நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். சீழ் வைத்திருந்தால், கடவுள் கைவிட்ட குற்றவாளி. (சர்க்கரை நோய் உள்ளவர் கதி அதோகதிதான்.) 1215இல் திருச்சபையின் உயர்மட்டக் கூட்டமான லாத்தரன் சங்கம், பாதிரியார்கள் இதில் கலந்துகொள்ளக் கூடாது என்ற பிறகுதான் இது மெல்ல ஒழிந்தது. இன்று நம்மை எரிச்சலூட்டும் குறுக்கு விசாரணை, மேல்முறையீடு, சந்தேகத்தின் பலன் எல்லாம் இந்த மாதிரிக் கூத்துகளைப் பார்த்துச் சலித்த பிறகு வந்தவை.

இதற்காக, இன்றைய முறை பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. என் நண்பன் ஒருவனை வழிமறித்து அடித்துப் போட்டார்கள். இடது கை இன்னும் முழுசாக மடங்காது. வழக்குக் கட்டின் முகப்பில் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் அடித்தவன். நண்பன் பெயர் சாட்சிப் பட்டியலில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட் வராந்தாவில் நின்று, 'இன்னைக்கு இல்லை' என்று கேட்டுவிட்டுத் திரும்பினான். கடைசியில் கூண்டில் ஏறிய அன்று கேள்விகள் எல்லாம் இவனுக்குத்தான். 'என்னை எதுக்குடா அடிச்ச?' என்று கேட்க அங்கே இடமில்லை.

சில பழைய முறைகளில் அந்த இடம் இருந்தது. எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். நியூசிலாந்து 1989இல் சட்டமே கொண்டுவந்தது. அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கத்தை ஒட்டி, குற்றத்தை மறுக்காத சிறார்களை அவர்கள் குடும்பத்தோடும் பாதிக்கப்பட்டவரோடும் உட்காரவைத்துப் பேசி, எப்படி ஈடுசெய்வது என்று முடிவெடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு சிறைகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோர். வழக்கமான நீதிமன்றங்களில் அத்தனை பேரையும் விசாரிக்க ஒரு தலைமுறை போதாது. ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியான 'கச்சாச்சா'வைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெயருக்கு அர்த்தமே புல். புல்தரையில் உட்கார்ந்து பேசும் மன்றம். 2012இல் மூடும்போது ஏறத்தாழ 19 லட்சம் வழக்குகளை முடித்திருந்தது. பிணம் எங்கே புதைக்கப்பட்டது என்று பலருக்குத் தெரியவந்ததே அங்கேதான்.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது, நீதிபதிகளுக்குச் சட்டப் படிப்பு கிடையாது. பழி தீர்த்துக்கொள்ளச் சிலர் சொன்ன பொய்யும் நடுவில் புகுந்தது. பெரிய மனிதர்கள் கூடி உட்காரும் இடத்தில் பெண்ணையும் ஏழையையும் 'விட்டுக்கொடுத்துப் போம்மா' என்று அமுக்குவது எல்லாச் சமூகங்களிலும் நடந்திருக்கிறது. பாலியல் வன்முறை வழக்கை இப்படிப் பேசித் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன்.

நண்பனிடம் கேட்டேன், 'அவனோட எதிரெதிரா உட்கார வச்சா போவியா?' கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அடிச்சேன்னு ஒத்துக்கிட்டு வந்தான்னா போறேன். இல்லேன்னா கேஸே நடக்கட்டும்."