"ஏதாவது கேட்கணுமா?" என்றால், கேளுங்கள்

இன்டர்வியூ முடியும்போது எதிரே இருப்பவர், "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்பார். நம் பிள்ளைகளில் பலர், அதிலும் வீட்டின் முதல் பட்டதாரிகள், "இல்ல சார், தேங்க்யூ சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். கேட்டால் திமிர் என்று நினைப்பார்களோ என்ற பயம். ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன், கேள்வி கேட்டார் என்பதற்காக யாரையும் நான் வேண்டாம் என்றதில்லை.

வாடகை வீடு பார்க்கப் போனால் தண்ணீர் எப்போது வரும், காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பீர்கள் என்றெல்லாம் கேட்கிறோம். வேலைக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

சம்பளம் வருடத்துக்கு மூன்றரை லட்சம் என்றதும் மாதம் 29,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு, பல வருடம் இருந்தால்தான் கிடைக்கும் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை, வருமா வராதா என்று தெரியாத போனஸ் எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே இருக்கலாம். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் உங்கள் பங்கு பி.எஃப். வேறு போகும். "பிடித்தம் எல்லாம் போக மாதம் எவ்வளவு வரும்?" என்று ஹெச்.ஆரிடம் நேராகவே கேளுங்கள்.

அடுத்தது பாண்ட், அதாவது இத்தனை வருடம் இருப்பேன், நடுவில் போனால் பணம் கட்டுவேன் என்று எழுதிக்கொடுப்பது. "அதெல்லாம் சும்மா மிரட்டுறது, கோர்ட்ல நிக்காது" என்று சீனியர்கள் சொல்வதை நம்பாதீர்கள். மூன்று வருடம் முடியும் முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எல்லா பாண்டும் செல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் எத்தனை வருடம், நடுவில் போனால் எவ்வளவு என்று தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதையும் கேளுங்கள். வைத்துக்கொள்வோம் என்றால் அந்த வேலையே வேண்டாம் என்பேன்.

பெண்கள் இரவு ஷிப்டுக்கு வீடு வரை வண்டி உண்டா என்று கேட்கத் தயங்கவே வேண்டாம்.

வேலையைப் பற்றிக் கேட்க எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: "இந்த இடத்தில் முன்னால் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?" பதவி உயர்ந்து பக்கத்து டீமில் இருக்கிறார் என்றால் நல்ல சேதி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் அதுவும் பதில்தான்.

ஆஃபர் லெட்டர் வந்ததும், வாயால் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன் மெயிலில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.