புத்தகம் மேட்டுக்கு ஏறி வரட்டும்

ஊட்டிக்கு வரும் நண்பர்கள் பலர் நீலகிரி லைப்ரரி முன்னால் நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அழகான கட்டடம்தான், யார் இல்லையென்றது? 1859-இல் தொடங்கிய நூலகம். கட்டடத்தை வடிவமைத்தவர் சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லத்தைக் கட்டிய ராபர்ட் சிஸம். ஆனால் அது சந்தா கட்டிச் சேர்ந்த உறுப்பினர்களுக்கான இடம். நீலகிரியில் நூலகம் என்றாலே அந்தப் படம் மட்டும் சுற்றுவதில் எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு.

நாம் காசு போட்டு நடத்தும் நூலகம் வேறு. வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாகும் பணம் இது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, அதன் கீழே கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று எல்லாம் இதில்தான் ஓடுகின்றன.

சரி, அந்த நூலகத்துக்கு நம் ஆட்களால் போக முடிகிறதா? கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் காலையில் தேயிலை பறிக்கப் போகிறவர்கள், மாலையில் எடை போட்டு மூட்டையை ஏற்றிவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். அதற்குள் நூலகம் சாத்தியிருக்கும். ‘நேரத்தை நீட்டுங்கள்’ என்று நானும் முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இருட்டிய பிறகு காட்டுமாடும் கரடியும் நடமாடும் பாதையில் ஒரு பிள்ளையைத் தனியாக அனுப்ப எந்த அம்மா சம்மதிப்பாள்? சமவெளியில் நேரத்தை மாற்றினால் தீர்ந்துவிடும் சிக்கல், மலையில் தீராது.

சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் ஐந்து நூலக விதிகளை எழுதினார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. அதை விளக்கும்போதே நூலகம் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்றெல்லாம் பேசுகிறார். அதே 1931-இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். காவிரி டெல்டாவில், அதுவும் தட்டையான நிலத்தில், வண்டி தேவைப்பட்டிருக்கிறது! குக்கிராமங்களுக்கு ரேஷன் அரிசியே இப்போது வண்டியில் போகிறது. புத்தகத்துக்கு மட்டும் ஏன் ஆள் இறங்கி வர வேண்டும்?

பெரிய பேருந்து கேட்கவில்லை. எங்கள் வளைவுகளில் அது திரும்பவும் திரும்பாது. இலை எடை போடும் கொட்டகையில் ஒரு தகரப் பெட்டி, அதில் கொஞ்சம் புத்தகம், மாதம் ஒருமுறை ஜீப்பில் வந்து மாற்றிக் கொடுக்க ஒருவர். எடைக்குக் காத்திருக்கும் நேரத்தில் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். பெட்டி தகரமாகவே இருக்கட்டும். ஆடி, ஆவணி ஈரத்தில் மர அலமாரியில் வைத்த புத்தகம் பூஞ்சை பிடித்து உப்பிவிடும். வாங்குவதில் தேர்வு வழிகாட்டிகளோடு சமையல், விவசாயம், துப்பறியும் கதை எல்லாமும் சேரட்டும். வேலை முடித்து வரும் பெண்கள் போட்டித்தேர்வுக்கு மட்டும்தான் படிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதை மனுவாகக் கொடுக்கிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள் உங்கள் சபையிலும் கொடுங்கள். மனு வாசகம் வேண்டுவோர் கீழே சொல்லுங்கள், அனுப்புகிறேன்.