புது விமான நிறுவனங்களைச் சாகவிட்டு எங்களிடம் காசு பிடுங்குகிறார்கள்

கனடாவில் புது விமான நிறுவனம் ஒன்று தொடங்கினால் போதும், "இனி ரிக்கெற் விலை குறையும்" என்று செய்தி போட்டுவிடுவார்கள். சனமும் நம்பி ரிக்கெற் போடும். பிறகு ஒருநாள் அந்த நிறுவனம் நள்ளிரவோடு பறப்பை நிறுத்தும், கட்டின காசுக்காகச் சனம் கடன் அட்டைக் கம்பனிக்குப் போன் எடுத்துக்கொண்டிருக்கும். லிங்ஸ் எயார் 2022 ஏப்ரலில் பறக்கத் தொடங்கி 2024 பெப்ரவரி 26இல் நின்றது. அறிவித்ததற்கும் நிறுத்தியதற்கும் இடையில் நாலே நாலு நாள். அதே வருடம் ஆகஸ்ட்டில் கனடா ஜெற்லைன்ஸ். அதற்கு முன்னால் 2001இல் கனடா 3000, 2005இல் மார்ச் விடுமுறைக் கூட்டம் பெட்டி கட்டி முடித்திருந்த நேரத்தில் ஜெற்ஸ்கோ, 2008இல் சூம். கால் நூற்றாண்டாக இதே கதை. "சந்தை என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. சந்தை தானாகச் செய்த வேலை இல்லை இது. இந்த நாட்டின் விதிகளும் கட்டணங்களும் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசின் கையெழுத்துகளும் சேர்ந்து செய்த வேலை.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். புதிதாக வந்தவனிடம் கொஞ்சம் விமானங்கள்தான் இருக்கும். ரொறன்ரோ–கல்கரி வழியில் நாளுக்கு ஒரு பறப்பு, இல்லாவிட்டால் கிழமைக்கு நாலு பறப்புத்தான் அவனால் விட முடியும். பெரிய நிறுவனம் அதே வழியில் நாளுக்குப் பல பறப்பு விடுகிறது. அவர்கள் எல்லாப் பறப்பிலும் விலை குறைக்கத் தேவையில்லை. புதியவன் காலை எட்டுக்குக் கிளம்பினால் ஏழு மணிப் பறப்பிலும் ஒன்பது மணிப் பறப்பிலும் மட்டும் அவனுடைய விலைக்கு இறக்கினால் போதும். மற்ற நேரங்களில் பழைய விலைதான். பெரியவனுக்கு இரண்டு பறப்பில் நட்டம், மிச்சத்தில் இலாபம். புதியவனுக்கோ இருப்பதே அந்த ஒரு பறப்புத்தான், அதில்தான் நட்டம். அலுவலகப் பயணம் போகிறவன் அவனிடம் வரமாட்டான். மாலையே திரும்ப இன்னொரு பறப்பு வேண்டும், சேர்த்து வைத்த புள்ளிகளும் பெரியவனிடம்தான் கிடக்கின்றன. ஆக, விலையை மட்டும் பார்த்து வருகிற பயணிதான் புதியவனுக்கு மிச்சம். அந்தப் பயணியை ஏழு மணிப் பறப்பு ஏற்கெனவே பிடித்துக்கொண்டது.

அதோடு குளிர்காலம். கனடாவின் உள்நாட்டுப் பயணம் கோடையில்தான் பொங்கும். ஜனவரியில் சீற் காலியாகக் கிடக்கும். ஆனால் விமானத்தின் வாடகை மாதா மாதம் போகும், அதுவும் அமெரிக்க டொலரில். எரிபொருள் விலையும் அமெரிக்க டொலரோடுதான் ஏறி இறங்கும். வருமானமோ கனேடிய டொலரில். சரி, விமானத்தை மெக்சிக்கோவின் கன்கூனுக்கும் புளோரிடாவுக்கும் அனுப்பலாம் என்றால், அங்கே விடுதியோடு சேர்த்துப் பொதியாக விற்கிற பழைய ஆக்கள் முன்னமே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு விமானம் பழுதானால் மாற்று விமானம் கிடையாது. காலையில் ஒன்று நின்றால் அன்றைக்கு அது ஓட வேண்டிய அத்தனை பறப்பும் விழும். வாடகை பிந்தினால் என்ன நடக்கும் என்பதை 2023 மார்ச்சில் பார்த்தோம். பிளேயர் என்ற மலிவு நிறுவனத்தின் நாலு விமானங்களை வாடகைக்குக் கொடுத்தவர்கள் விடுமுறைக் கூட்டத்தின் நடுவில் பறித்துக்கொண்டு போனார்கள்.

இதற்குமேல் பெரியவர்கள் தாங்களே மலிவு நிறுவனங்களையும் இறக்குவார்கள். எயார் கனடா 2013இல் ரூஜ். வெஸ்ற்ஜெற் 2018இல் ஸ்வூப். ஸ்வூப் வந்த அதே வருடம், பிளேயரை விரட்ட விலையை அடிமட்டத்துக்கு இறக்கினார்களா என்று, வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கிற அரசின் போட்டிப் பணியகம் விசாரிக்கத் தொடங்கியது. அந்த விசாரணை தீர்ப்பாயத்தில் ஒரு வழக்காகக்கூட வரவில்லை. 2023 அக்டோபரில் ஸ்வூப்பைத் தாய் நிறுவனத்தோடு கரைத்துவிட்டார்கள், மலிவு விலையும் அதோடு போனது.

அடுத்தது கட்டணங்கள். உங்கள் ரிக்கெற்றின் விலை விபரத்தைத் திறந்து பாருங்கள். விமானப் பயணப் பாதுகாப்புக் கட்டணம் உள்நாட்டில் ஒரு வழிக்கு 9.94 டொலர். வெளிநாட்டுக்கு 34.42 டொலர். கிளம்புகிற விமான நிலையத்தின் மேம்பாட்டுக் கட்டணம் தனி. அதற்குமேல் விற்பனை வரி. தொண்ணூறுகளில் இருந்து பெரிய விமான நிலையங்களை இலாப நோக்கற்ற நிர்வாகங்கள் நடத்துகின்றன, நிலம் மத்திய அரசினுடையது. நிர்வாகம் அரசுக்கு நில வாடகை கட்டும், அந்தச் சுமை எங்கள் தலையில் விழும். வேறு பல நாடுகள் விமான நிலையத்துக்குக் காசு போடுகின்றன, கனடா விமான நிலையத்திடம் இருந்து காசு எடுக்கிறது.

490 டொலர் ரிக்கெற்றில் இந்தக் கட்டணங்கள் கண்ணிலேயே படாது. 49 டொலர் ரிக்கெற்றில் அடிப்படை விலையோடு மல்லுக்கு நிற்கும். தலைக்கு இவ்வளவு என்று வைத்த கட்டணம் அடிப்பது மலிவாக விற்கிறவனைத்தான். பெப்ரவரியில் லிங்ஸ் செத்தது, அதே 2024இன் மே முதலாம் திகதி பாதுகாப்புக் கட்டணத்தைக் கிட்டத்தட்ட 33 வீதம் ஏற்றினார்கள். பிணம் ஆறுமுன்னே ஏற்றினார்கள். எந்த மனசாட்சியோடு போட்டியை ஊக்குவிக்கிறோம் என்று பேசுகிறார்கள்?

எனக்கு உச்சக் கோபம் வருவது இணைப்புகளில்தான். 2000இல் கனேடியன் எயார்லைன்ஸை எயார் கனடா விழுங்கியது, அதோடு நாட்டின் இரண்டாவது பெரிய நிறுவனம் காணாமல் போனது. சரி, அது கடனில் மூழ்கிய கப்பல் என்று வைத்துக்கொள்வோம். எயார் ட்ரான்சற்றையும் எயார் கனடா வாங்கப் போன விடயத்துக்கு என்ன சாட்டு? 83 வழிகளில் போட்டி இல்லாமல் போகும், விலை ஏறும் என்று 2020 மார்ச்சில் அரசின் சொந்தப் போட்டிப் பணியகமே எழுதிக் கொடுத்தது. 2021 பெப்ரவரியில் ஒட்டாவா அனுமதி கொடுத்தது. ஏப்ரலில் அந்த இணைப்பு நின்றதற்குக் காரணம் ஐரோப்பிய ஆணையம். கனேடியப் பயணியைக் கனேடிய அரசிடம் இருந்து பிரசல்ஸ் காப்பாற்றியது. அதே ஏப்ரலில்தான் எயார் கனடாவுக்கு 5.9 பில்லியன் டொலர் வரையான அரச உதவியும் அறிவிக்கப்பட்டது.

புத்தி வந்ததா? இல்லை. 2022 அக்டோபரில் அதே பணியகம், வெஸ்ற்ஜெற் சண்விங்கை வாங்கினால் மெக்சிக்கோ, கரிபியன் பக்கம் 31 வழிகளில் போட்டி நசியும் என்று அறிக்கை கொடுத்தது. 2023 மார்ச்சில் ஒட்டாவா அதையும் அனுமதித்தது. பணியகம் அறிக்கை எழுதும், போக்குவரத்து அமைச்சும் அமைச்சரவையும் "பொது நலன்" என்ற பெயரில் அதைத் தாண்டிப் போகும். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது.

புதியவனுக்கு முதலீடு வேண்டும் என்றால் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. கனேடிய விமான நிறுவனத்தில் வெளிநாட்டுப் பங்கு மொத்தமாக 49 வீதத்தைத் தாண்டக் கூடாது. அதிலும் தனி ஒருவரிடம் 25 வீதத்துக்கு மேல் கூடாது. 2018இல் தளர்த்திய பிறகுதான் இந்த நிலை. அவுஸ்திரேலியாவில் உள்நாட்டில் மட்டும் பறக்கிற நிறுவனத்தை முழுதாக வெளிநாட்டுக்காரனே வைத்திருக்கலாம். கனடாவிலும் அப்படிச் செய்யுங்கள் என்று போட்டிப் பணியகம் 2025 ஜூன் அறிக்கையில் பரிந்துரைத்தது. ஒரு வழியில் ஒரே ஒரு புதுப் போட்டியாளன் வந்தால் விலை சராசரியாக 9 வீதம் இறங்குகிறது என்பதும் அதே அறிக்கைதான்.

போட்டர் என்ற விமான நிறுவனம் வளரவில்லையா என்று கேட்பீர்கள். வளர்கிறது, நல்லாகவே வளர்கிறது. ரொறன்ரோத் தீவு விமான நிலையத்தில் ஜெற் விமானத்துக்கு அனுமதி இல்லாததால் 2006இல் இருந்து விசிறி வைத்த சின்ன விமானங்களோடு ஒதுங்கிக் கிடந்த நிறுவனம், 2023 பெப்ரவரியில் எம்ப்ரயர் ஜெற்றுகளோடு ரொறன்ரோவின் பெரிய விமான நிலையமான பியர்சனுக்கு வந்தது. பக்கத்துக்கு இரண்டு சீற், நடு சீற் கிடையாது. அதன் சேவையை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது மலிவுப் போட்டி இல்லை, சேவைப் போட்டி. அடிமட்ட விலைக்குப் பறக்க வந்தவர்களில் ஸ்வூப், லிங்ஸ், ஜெற்லைன்ஸ் மூன்றும் இல்லாமல் போய், பிளேயர் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

பெரிய இரண்டும் தங்களுக்குள் கடுமையாக மோதுகின்றனவா என்றால் அதுவும் குறைந்துகொண்டு போகிறது. 2022இல் வெஸ்ற்ஜெற் தன் பலத்தை மேற்குப் பக்கம் குவிப்பதாக அறிவித்தது. 2023இல் எயார் கனடா கல்கரியில் இருந்து ஒட்டாவா, ஹலிபக்ஸ் நேரடிப் பறப்புகளை நிறுத்தியது. ஆளுக்கு ஒரு பக்கம். நடுவில் நாங்கள்.

செத்த மலிவு நிறுவனங்களின் விலை எங்களுக்கு மிஞ்சவில்லை, அவர்களின் கெட்ட பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கைப்பெட்டிக்குக் காசு வாங்குவது மலிவுக்காரன் தொடங்கிய வேலை. 2024இல் வெஸ்ற்ஜெற் அடிமட்ட ரிக்கெற்றில் கைப்பெட்டியை வெட்டியது. 2025 ஜனவரி 3இல் இருந்து எயார் கனடா, வட அமெரிக்காவுக்குள்ளும் கரிபியன் போன்ற வெயில் இடங்களுக்கும் போகிற பறப்புகளின் அடிப்படை ரிக்கெற்றில் அதையே செய்கிறது. சீற்றுக்குக் கீழே போகிற சின்னப் பை மட்டும்தான் இலவசம். ஆகவே தேடல் தளத்தில் கிடைக்கிற முதல் விலையை நம்பாதீர்கள். பெட்டி, சீற் தெரிவு, திகதி மாற்றம் மூன்றையும் கூட்டி, அடுத்த படி ரிக்கெற்றோடு ஒப்பிடுங்கள். பெட்டிக்கு முன்கூட்டியே கட்டுங்கள், வாயிலில் கட்டினால் விலை வேறு.

பறப்பு ரத்தானால்தான் போட்டி இல்லாததன் முழு வலியும் தெரியும். பயணியர் பாதுகாப்பு விதிப்படி, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள காரணத்தால் பெரிய நிறுவனம் 9 மணி நேரத்துக்குள் தன் பறப்பில் அல்லது கூட்டாளியின் பறப்பில் இடம் தர முடியாவிட்டால், போட்டி நிறுவனத்திலாவது இடம் வாங்கித் தரவேண்டும். யாரிடம் வாங்குவது? 2025 ஆகஸ்ட் 16இல் எயார் கனடாவின் கிட்டத்தட்ட 10,000 விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும், விமானம் நிலத்தில் நிற்கும்போது செய்கிற வேலைக்குச் சம்பளம் இல்லை என்ற நியாயமான கோபத்தோடு வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, மற்ற நிறுவனங்களில் எத்தனை சீற் காலியாக இருந்தது? கோடையின் நடுவில், நாட்டின் மிகப் பெரிய நிறுவனம் நின்றால் அந்தக் கூட்டத்தை ஏற்ற மாற்று ஆளே இல்லை.

தாமதத்துக்கான நட்டஈடு கடதாசியில் நல்லாக இருக்கிறது. பெரிய நிறுவனம் என்றால் 3 மணிக்கு மேல் 400, 6 மணிக்கு மேல் 700, 9 மணிக்கு மேல் 1,000 டொலர். ஆனால் காரணம் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும், பாதுகாப்புக்குத் தேவையானதாகவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது வாசகம்தான் பெரிய ஓட்டை. எந்தப் பழுதையும் "பாதுகாப்பு" என்று எழுதலாம். எந்தத் தாமதத்தையும் "காலநிலை" என்று எழுதலாம்.

ஆகவே அங்கேயே ஆதாரம் பிடியுங்கள். விமானத்தின் வால் பக்கம் உள்ள பதிவு எண்ணைக் குறியுங்கள், கனேடிய விமானம் என்றால் சி-எஃப் அல்லது சி-ஜி என்று தொடங்கும். பறப்புகளைப் பின்தொடரும் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், அது முந்தைய ஊரில் இருந்து எப்போது வந்தது என்று தெரியும். விமானம் நேரத்துக்கு வந்து வாயிலில் நின்று, பக்கத்து வாயில்களில் மற்ற நிறுவனங்கள் கிளம்பிக்கொண்டிருந்தால், காலநிலைக் கதை நிற்காது. அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பணியாளர் பற்றாக்குறை என்றால் அது பொதுவாக நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளதுதான் என்று, பயணிகளின் முறைப்பாடுகளை விசாரிக்கிற கனேடியப் போக்குவரத்து முகவரகம் 2022இலேயே தீர்மானித்திருக்கிறது. கோரிக்கைக்கு ஒரு வருட அவகாசம், நிறுவனம் 30 நாளில் பதில் சொல்லவேண்டும்.

மறுத்தால் முகவரகத்துக்குப் போகலாம். அங்கே தேங்கிய முறைப்பாடுகள் 80,000ஐத் தாண்டியிருக்கின்றன. வருடக்கணக்கில் காத்திருந்து வென்றாலும், உள்ளே நடந்ததை மறுதரப்புச் சம்மதம் இல்லாமல் வெளியில் சொல்ல முடியாதபடி 2023இல் இரகசிய விதி வேறு கொண்டுவந்தார்கள்.  யாருக்காகப் போட்ட விதி இது? அவசரம் என்றால் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தைப் பாருங்கள்.

புது நிறுவனத்தில் ரிக்கெற் எடுக்கிறவர்கள் கடன் அட்டையில் மட்டும் எடுங்கள், வங்கி அட்டையில் வேண்டாம். ஒன்ராறியோவில் பதிவு பெற்ற பயண முகவர் மூலம் எடுத்தால், நிறுவனம் விழும்போது மாகாண இழப்பீட்டு நிதியில் கேட்க வழி இருக்கிறது. நேரே நிறுவனத்தின் தளத்தில் எடுத்தால் அந்த வழி இல்லை.

ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோ, மார்க்கம், பிறம்ரன் சனத்துக்குக் கடைசியில் எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்குக் கார் ஓட்டி, அங்கிருந்து பறக்கவாவது வழி இருக்கிறது. தூர வடக்கே நுனவுற்றின் தலைநகரான இக்கலுயிற்றில் இருப்பவருக்குத் தெற்கே வர ரோட்டே கிடையாது. அங்கே போட்டி போட்ட இரண்டு நிறுவனங்களையும் 2019இல் ஒன்றாக்க அனுமதித்ததும் இதே ஒட்டாவாதான்.

உங்கள் தொகுதி எம்.பி. வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது கேளுங்கள்: 2025 ஜூன் பரிந்துரைகளில் எதற்கு வாக்களிப்பீர்கள்? விமான நிலைய நில வாடகையை எப்போது நிறுத்துவீர்கள்? போட்டிப் பணியகம் வேண்டாம் என்று சொன்ன இணைப்புக்கு இனியும் கை தூக்குவீர்களா? பதிலை எழுதி வாங்குங்கள்.