ரக்பி ஆட்டம் ஒரே நாளில் பிறந்ததா?

"1823-ல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவர் கால்பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார், அன்றே ரக்பி ஆட்டம் பிறந்தது." அடிக்கடி பகிரப்படும் இந்தத் தகவலுக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

எல்லிஸ் அந்தப் பள்ளியில் படித்தது உண்மை. பாதிரியாராகி, 1872-ல் காலமானார். கதை அச்சில் வந்ததோ 1876-ல்! பழைய மாணவர் மேத்யூ பிளாக்சம் பள்ளி இதழுக்கு எழுதிய கடிதத்தில் 1824 என்றார். 1880-ல் அதையே 1823 என்று மாற்றினார். அவர் அதை நேரில் பார்த்தவரும் அல்லர். 1895-ல் பழைய மாணவர் சங்கம் விசாரித்தபோதும், கண்ணால் கண்டதாகச் சொல்ல ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் 1900-ல் பள்ளிச் சுவரில் கல்வெட்டு பதித்துவிட்டார்கள். 'விதிகளை அழகாக அலட்சியம் செய்து' எல்லிஸ் பந்தைக் கையில் ஏந்தி ஓடினார் என்கிறது அது. 1987 முதல் ஆண்கள் ரக்பி உலகக் கோப்பைக்கும் அவர் பெயர்தான். பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

அன்று அந்தப் பள்ளியில் ஆடிய கால்பந்தில் பந்தைக் கையால் பிடிப்பது தவறே அல்ல. பிடித்துக்கொண்டு முன்னே ஓடுவதுதான் கூடாது. அந்த ஓட்டமும் 1830-களில் மெல்ல மெல்லப் பழக்கமாகி, 1840-களின் தொடக்கத்தில் ஏற்கப்பட்டது. 1845-ல் விதிகளை முதன்முதலாக எழுதி வைத்தவர்கள் ஆசிரியர்கள் அல்லர், மூத்த மாணவர்கள். அந்தப் பள்ளியில், ஆட்டத்தைப் பிள்ளைகளே கூடிப் பேசி, ஆண்டுக்காண்டு திருத்தி வளர்த்தார்கள். அந்தப் பெருமையை ஒரே ஒருவருக்குக் கொடுப்பது மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.