பஞ்சர் பத்தி ஒரு வரி கூட இல்லையே
ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் இருந்தா வேற வண்டியே தேவையில்லங்கிற மாதிரி உங்க ரிவ்யூல எழுதியிருக்கீங்க, அங்கதான் இடிக்குது. தார் பேர்ந்த ரோடு, தோட்டத்துப் பாதைக்கெல்லாம் இத அடிச்சுக்க ஆளில்ல, தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் நடுவுல 220 மிமீ கிளியரன்ஸ், முன்னாடி 21 இன்ச் வீல், கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவும் ஜாலியா ஏறலாம். ஆனா பைபாஸ்ல? கிட்டத்தட்ட 19 பிஎஸ் பவர், அஞ்சே கியர், 80ல போனா நிம்மதி, பின்னாடி ஆளும் லக்கேஜும் இருந்தா லாரிய முந்துறதுக்கு முன்னாடியே கணக்கு போட்டுக்கணும். அதவிட முக்கியம் ஸ்போக் வீல், ட்யூப் டயர். ட்யூப்லெஸ்னா ஆணி குத்துனாலும் காத்தடிச்சு காத்தடிச்சு கடை வரைக்கும் ஓட்டிரலாம், இதுல வீல கழட்டாம வேலை நடக்காது, ஸ்பேர் ட்யூபும் டயர் லீவரும் இல்லாம நான் வெளியூர் கிளம்புறதே இல்ல (சின்னக் கடைங்கள்ல 21 இன்ச் ட்யூப் கேட்டா நம்மள ஒரு மாதிரி பாப்பாங்க). மேல கமெண்ட்ல ஒருத்தர் குள்ளமா இருந்தா இந்தப் பக்கமே வராதீங்கன்னு சொல்லிருக்கார், அது ரொம்ப ஓவர் பாஸ், நான் அஞ்சே கால் அடிதான், சீட்டு 825 மிமீ, சிக்னல்ல ஒரு கால ஊனி நிக்கிறது பழகிருச்சு, சேலை கட்டிட்டு அம்மா பின்னாடி ஏறுறதுதான் இன்னும் பஞ்சாயத்தா இருக்கு, அதுக்கு வீட்ல பழைய ஸ்கூட்டி நிக்குது.